கறுப்பு மண்ணும் என் சிவப்பு வரைபடமும்

மண் கறுப்பாக இருந்தால் அது நல்ல மண் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது அந்த நம்பிக்கைக்குச் சம்பளமே வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாத்தூர்ப் பக்கம் கரிசலில் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் மண்ணை வைதுகொண்டே கழுவுவார்களே தவிர, அதைக் கெட்ட மண் என்று ஒருவரும் சொன்னதில்லை. பருத்தியும் உளுந்தும் கம்பும் அதில்தான் விளைந்தன. பிறகு மண்ணியல் படித்தேன். தென்மாவட்டங்களில் வயல் வயலாக அலைந்து மண் வரைபடம் போட்டேன். நாற்பத்தைந்து வயதில் நெய்வேலிக்கு வந்து, சுரங்க நிலத்தைச் சீர்செய்யும் நம் பிரிவில் சேர்ந்தேன். இத்தனை படிப்புக்கும் அடியில் ஒரு சாத்தூர்க்காரன் குந்திக்கொண்டு, கறுப்பைக் கண்டால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்கே தெரியாது.

போன வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது, பிரிவுபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள்; அதில் ஒன்றரை நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. அன்று சொல்ல நினைத்ததை, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். எப்படித் துளை போடுவது, எப்படிச் சாம்பிள் கட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. பயம் வந்தால் கை எந்த நிறத்தைத் தேடும் என்பது மட்டும் அதில் இல்லை.

நான் வந்த எட்டாவது மாதம் ஒரு பதினான்கு ஏக்கர் என் கைக்கு வந்தது. பழுப்பு நிலக்கரியை எடுத்து முடித்த பள்ளத்தை மறுபடி மண் போட்டு நிரப்பி, டோசர் விட்டுச் சமப்படுத்திய இடம். அங்கே பக்கத்து ஊரிலிருந்து பதினெட்டுப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு சாகுபடி செய்வதாக ஏற்பாடு. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும், அவர்களுடைய அப்பன் பாட்டனுக்கும்கூட, சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் களையெடுத்தும் நாற்று நட்டும் வாழ்ந்தவர்கள். இப்போதுதான் முதல்முறையாக ஒரு தாளில் நிலம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர் வந்திருந்தது. ஒரு பருவம் பார்ப்பது. சரியாக வந்தால் பத்து வருடத்துக்கு உரிமை. வராவிட்டால் தைலமரம் வைத்துவிடுவார்கள், கதை முடிந்தது.

குழுவின் தலைவி அஞ்சலாட்சி. ஐம்பது வயது இருக்கும். ஆளிடம் பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். ஷூவில் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து மனதுக்குள் மார்க் போடுகிறவர். எனக்கு அன்று பாஸ் மார்க் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் முழுக்க, ஐம்பது மீட்டருக்கு ஒரு துளையாக ஆகர் என்கிற துளைக்கோலைத் திருகித் திருகி அந்த நிலத்தைச் சல்லடையாக்கியிருந்தேன். பெரும்பாலும் செம்மண், மணல், வெளுத்த களி. நடுவில் ஆறேழு துளைகளில் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு களி வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தபோது, அயலூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கியது.

சும்மா கண்ணை நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலையே ஈரம் காயாமல் அளந்தேன். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை, நட்டநடுவில் நின்றது மீட்டர். துளைக்கும் துளைக்கும் இடையில் இருப்பதை மென்பொருள் தானே ஊகித்து நிறம் பூசிவிடும். வரைபடத்தின் நடுவில் ஒரு கரும்பச்சைத் திட்டு வந்தது. வாழையிலையில் வைத்த கீரை மசியல் மாதிரி ஓரமெல்லாம் வழவழவென்று, பார்க்க அவ்வளவு அழகு.

நிலத்தை ஒப்படைத்த அன்று அஞ்சலாட்சி கேட்டார்: "சார், கத்திரி எங்க வெச்சா நல்லா வரும்?"

சுருட்டிய வரைபடத்தை நீட்டி, ஊர்வலத்தில் வழிகாட்டுகிற தலைவர் மாதிரி காட்டினேன். "அந்தக் கறுப்பு தெரியுதுல்ல? அங்க வைங்க. இந்தப் பதினாலு ஏக்கர்லயும் அதான் தங்கம்."

"அந்தக் கறுப்பா? நெசமாவா சொல்றீங்க?"

"மீட்டரே சொல்லுதும்மா."

"மீட்டரு சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப சரி," என்றார் என் ஷூவைப் பார்த்தபடி. "ரெண்டு பேரு சொன்னா கேக்கணும்."

கேட்டார்கள். கத்திரியை நடுவிலும், வெண்டையையும் மிளகாயையும் சுற்றிலும் வைத்தார்கள். மழை நன்றாகப் பெய்தது. மூன்றாவது வாரம் எனக்குப் போன் வந்தது.

"சார், உங்க தங்கம் செத்துகினு வருது."

எனக்குப் பதற்றம் வந்தால் ஒரு பழக்கம் உண்டு. குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் இருக்கும் பலாமரத்துக்கு டியூப் வைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். சிலர் நகம் கடிக்கிறார்கள், நான் பலாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அன்று சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மழை பெய்யுது," என்றாள்.

"தெரியுது."

"மழையில நின்னு மரத்துக்குத் தண்ணி விடுறீங்க. ஆபீஸ்ல யாரைக் கொன்னீங்க?"

"கத்திரிச் செடியை."

"எத்தனை?"

டியூபை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ரொம்ப மெதுவாகப் பேசுவார். அதனால் நாமே முன்னால் குனிந்து திட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"வியாழக்கிழமை கமிட்டி கூடுது," என்றார். "உங்க வரைபடத்தைத் திருத்திக் கொடுங்க. அந்த நிலம் சாகுபடிக்கு ஆகுமா ஆகாதா, அவ்வளவுதான் கேப்பாங்க. ஆகாதுன்னா தைலமரத்துக்கு விட்டுடலாம். தயங்க வேண்டாம்."

நான் தயங்கவே இல்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் புது வரைபடம் அச்சாகிவிட்டது. பதினான்கு ஏக்கரும் சிவப்பு. ஓரம், மூலை, நடு எல்லாம் சிவப்பு. கீழே 'சாகுபடிக்கு உகந்ததல்ல' என்று ஒரு வரி, அதற்கும் கீழே என் கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பு லேசாக இருந்தது. மெயின் பஜாரில் ஒரு மசால் தோசைகூடச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படியுங்கள். மற்றதைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. பச்சை பூசி அது தப்பானால் செடி சாகும், போன் வரும், தலைவர் மெதுவாகப் பேசுவார். சிவப்பு பூசி அது தப்பானால் ஒன்றுமே நடக்காது. நடாத செடி சாகாது. அந்த நிலம் நல்ல நிலமாகவே இருந்திருந்தாலும், அதை நிரூபிக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். தைலமரம் நிற்கும், அது யாருக்கும் போன் போடாது. அதனால் ஒருமுறை சூடுபட்டவன் கை, தானே சிவப்பைத் தேடிப் போகும். அதற்கு அவன் வைக்கும் பெயர் எச்சரிக்கை. நானும் அப்படித்தான் பெயர் வைத்திருந்தேன்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. அறிக்கையோடு இணைக்க நாலு புகைப்படம் வேண்டும். திங்கட்கிழமை காலை கேமராவும் சிவப்பு வரைபடத்தின் ஒரு பிரதியுமாகப் போனேன். தூரத்திலிருந்தே பெண்கள் வயலில் நிற்பது தெரிந்தது. என் கால் அந்தப் பக்கம் போக மறுத்துவிட்டது. வயலுக்கு அடுத்தாற்போல் நிரப்பு மண்ணின் மேல் அடுக்கு ஒன்று மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. 'மொத்தப் பரப்பையும் உயரத்திலிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும்' என்று எனக்கு நானே தொழில்நுட்பக் காரணம் சொல்லிக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி, கையை ஊன்றி ஏறினேன். தமிழில் இதற்கு ஒளிந்துகொள்வது என்று பெயர்.

மேலே போய் மூச்சு வாங்கிவிட்டு எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

செத்த செடிகள் என் கீரை மசியல் திட்டு மாதிரி கிடக்கவில்லை. வில் வில்லாக இருந்தன. பச்சைக்கு நடுவில் பழுப்பு வில் ஒன்று, அதற்கு உள்ளே கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கும் உள்ளே மற்றொன்று. மழையில் பஸ் கண்ணாடியை வைப்பர் துடைத்த தடம் மாதிரி, ஒரே அளவான வளைவுகள். வில்லுக்கும் வில்லுக்கும் இடையில் கத்திரி செழித்து நின்றது. என் கரும்பச்சைத் திட்டுக்கு வெளியே, நான் செம்மண் என்று எழுதிய இடத்தில்கூட ஒரு வில் நீண்டு போயிருந்தது. மண்ணை இயற்கை உண்டாக்கினால் அது இப்படிக் காம்பஸ் வைத்து வட்டம் போடாது.

கீழே இருந்து குரல் வந்தது. "சார், மேல இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

"போட்டோ எடுக்கறேம்மா."

"அரை மணி நேரமாவா? எறங்கி வாங்க. நாங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டோம்."

பெண்கள் சிரித்தார்கள். இறங்கினேன். பாதி இறக்கத்தில் வழுக்கி உட்கார்ந்த நிலையில் வந்து சேர்ந்ததால் சிரிப்பு இன்னும் கொஞ்சம் நீண்டது. அஞ்சலாட்சி ஒரு கறுப்பு மண்ணாங்கட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே வைக்கோல் நிறத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது.

"இத பாருங்க. மழைக்கு அப்புறம் இப்பிடி பூத்துகினு வருது. இதுல நின்னா வெரலு இடுக்குல எரியுது. ரெண்டடி அந்தாண்ட போனா ஒண்ணுமில்ல."

"இதை ஏம்மா போன்ல சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க? செடி செத்துச்சான்னு கேட்டீங்க, செத்துச்சின்னேன். உடனே வச்சிட்டீங்க."

அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. கடலோர மண்ணைப் பற்றிய பாடம். பரீட்சைக்கு வராது என்று நான் தாண்டிப்போன பாடம். கந்தகம் கலந்த களி அது. மண்ணுக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை சாது. வெளியே கொண்டுவந்து கொத்திக் காற்றும் மழையும் பட்டால் புளிக்கத் தொடங்கும். இட்லி மாவு மாதிரிதான்: ஆட்டின உடனே தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, 'புளிப்பே இல்லை' என்று நான் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

அதை நினைத்துக்கொண்டிருக்கும்போது அஞ்சலாட்சி என் கக்கத்தில் இருந்த சுருளைப் பார்த்துவிட்டார். "அது இன்னா சார், புதுசா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்மாம் பெரிய தாளு?" கையை நீட்டினார். கொடுத்தேன். விரித்தார். மற்றவர்களும் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"எல்லாம் செவப்பா இருக்குதே. செவப்புன்னா இன்னா?"

"சாகுபடிக்கு ஆகாதுன்னு அர்த்தம்."

அஞ்சலாட்சி தாளைப் பார்த்தார், பிறகு வயலைப் பார்த்தார், முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா நிக்கிற செடியக்கூட சாவடிச்சிட்டீங்களே சார்," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்ன இது என்று விசாரிக்கிற குரலில் சொன்னார். மசால் தோசை சாப்பிட்ட ஆளுக்கு அது போதும்.

"வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. எந்த இடம் எரியுது, எந்த இடம் எரியலைன்னு எனக்கு நடந்து காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"காட்டறோம். ஆனா கெணறு வெட்டற மாதிரி பெரிய பெரிய கட்டம் போட்டுகினு வராதீங்க. ரெண்டடிக்கு ரெண்டடி பாக்கணும்."

அதற்கு முன் அந்த வில்லுக்கு விடை வேண்டும். சுரங்கத்தில் வைப்பர் மாதிரி கையை வீசுகிற ஒரு பொருள்தான் உண்டு: ஸ்ப்ரெடர். பெல்ட்டில் வருகிற மண்ணை நீண்ட கையால் வளைத்து வளைத்துக் கொட்டுகிற ராட்சத மிஷின். அந்த நிலத்தை நிரப்பியபோது அதை ஓட்டிய ஆபரேட்டரைத் தேடி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கேன்டீனுக்குப் போனேன். சேலத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த பதினாலு ஏக்கரா? அது நாங்க போட்ட மண்ணு சார். நீங்க என்னமோ கடவுள் போட்ட மண்ணு மாதிரி கட்டம் கட்டி நோண்டிட்டு இருந்தீங்க. நாங்க மேல இருந்து பார்த்துச் சிரிச்சோம்."

"கீழ வந்து சொல்லியிருக்கலாமே."

"ஆபீசர் வேலை பார்க்கறப்ப யாரு சார் நடுவுல வருவாங்க?"

"சரி, இப்ப நான் வேலை பார்க்கலை. வடை சாப்பிடறேன். சொல்லுங்க."

சிரித்தார். பிறகு மேசையில் சிந்தியிருந்த டீயை விரலால் வளைத்து இழுத்துக் காட்டினார். "சுரங்கத்தைப் படிப்படியா வெட்டுவோம்ல, அதுல மேல் படி, மேல் பெஞ்ச்ல பெல்ட் மாத்தற வேலை நடந்துச்சு. அந்த ஷிப்டுகள்ல செம்மண்ணு வரலை. அடி பெஞ்ச்ல இருந்து நிலக்கரி மேல ஒட்டிட்டு இருக்குமே, அந்தக் கறுப்புக் களி மட்டும்தான் வந்துச்சு. மிஷின் இங்க நின்னு ஒரு வீச்சு. கொஞ்சம் நகர்ந்து இன்னொரு வீச்சு. நடுவுல மேல் பெஞ்ச் ஓடினா செம்மண்ணு. அவ்வளவுதான்."

"எந்த வீச்சுல எது விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"லாக் புக்ல இருக்கும். மிஷின் எங்க நின்னுச்சு, எந்த பெஞ்ச் மண்ணு, கை எந்தப் பக்கம் திரும்புச்சு, எல்லாம் எழுதணும்."

"இதை இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்லையா?"

"மிஷின் நின்ன நேரத்தைக் கேப்பாங்க சார். ஓடின நேரத்துல என்ன விழுந்துச்சுன்னு கேட்டது நீங்கதான்."

நான் இத்தனை நாள் மண்ணைத் தோண்டித் தேடிய விஷயம், கன்ட்ரோல் ரூமில் நீல அட்டை போட்ட நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. நம் ஊரில் மண் உருவான வரலாறு ஷிப்ட் வாரியாகக் கிடைக்கும். உலகத்தில் வேறு எந்த மண்காரருக்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்குமா தெரியவில்லை. மறக்காமல் கேளுங்கள்.

நோட்டில் இருந்ததை வயலில் சரிபார்க்க எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. களி தானாகப் புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. புண்ணைக் கழுவுகிற பெராக்சைடை அந்தக் களியில் விட்டால் நுரைத்துக்கொண்டு சீக்கிரம் புளிப்பைக் காட்டிவிடும் என்று படித்திருந்தேன். மெடிக்கல் ஷாப்பில் போய் இருபது பாட்டில் கேட்டேன்.

"இருபதா? யாருக்கு சார் அடி?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். வெளிய தெரியாது."

செவ்வாயும் புதனும் வயலிலேயே கழிந்தன. பெண்கள் வெறுங்காலோடு வரிசையாக நடந்தார்கள். எரிகிற இடத்தில் ஒரு குச்சி, எரியாத இடத்தில் ஒன்றுமில்லை. ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டுவார்கள், நான் ஊற்றுவேன். நல்ல மண் சும்மா நனையும். கறுப்பு, சோடா மாதிரி பொங்கும். அதில் நிறம் மாறும் தாளை வைத்துப் பார்த்து, குச்சிக்குக் குச்சி ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டேன். கால், பாட்டில், நோட்டு மூன்றும் பெரும்பாலும் ஒன்றையே சொல்லின. நான் தோண்டிய ஆறேழு துளைகளும் தற்செயலாக வில்லின் மேலேயே விழுந்திருந்தன. அதனால்தான் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டாக மெழுகிவிட்டது. வில்கள் எல்லாம் சேர்த்தும் மூன்று ஏக்கருக்குக் கீழேதான்.

தெற்கு ஓரத்தில் மட்டும் சண்டை வந்தது. நோட்டு அங்கே கறுப்பு விழுந்தது என்றது. கால் எரியவில்லை, செடியும் சாகவில்லை.

"நோட்டு பொய் சொல்லுது," என்றார் அஞ்சலாட்சி.

"நோட்டுக்கு நம்ம மேல என்னம்மா கோபம்? தோண்டிப் பாப்போம்."

முழங்கால் ஆழத்தில் கறுப்பு இருந்தது. அதன்மேல் செம்மண் விழுந்து மூடியிருந்தது. முந்திரி வைத்தால் வேர் இறங்கி இரண்டாம் வருடம் சாகும். வெண்டை மாதிரி மேலோடு வேர்விடுவதை வைக்கலாம். அதற்கு வரைபடத்தில் மஞ்சள் கோடு போட்டேன். ஆகும், ஆகாது என்ற இரண்டுக்கு நடுவில் 'இதற்கு ஆகும், அதற்கு ஆகாது' என்று ஒன்று இருக்கிறது. நம் வேலையே அந்த நடுவில்தான். அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், மண்ணியலில் பட்டம் வாங்கி இருபது வருடம் கழித்து.

"இந்த வில்லுங்கள என்னம்மா செய்யறது?" என்று கேட்டேன். "நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கிட்டு போகுதே."

"வழின்னு ஒண்ணு எப்பிடியும் வுடணும் இல்ல? தண்ணி தூக்க, காய் பறிச்சிகினு வர. நேரா வுட்டா இன்னா, வளைச்சி வுட்டா இன்னா. செத்த எடத்துல நடக்கறோம்."

"கால் எரியுமே."

"செருப்புன்னு ஒண்ணு விக்கிறாங்க சார், பண்ருட்டியில."

வியாழக்கிழமை காலை தலைவர் அறைக்குள் போனேன். மேசைமேல் கமிட்டிக்கான கோப்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் என் சிவப்பு. என் கையில் புதுசு. விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது நடுவில் அவருடைய தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

"சிவப்புல கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார்.

"ஆமா சார்."

"இதுலயும் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

"பச்சையிலயும் போட்டிருந்தீங்க. நான் எதை நம்பறது?"

என்னிடம் வழக்கமாக ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை. "முதல்ல போட்டது தெரியாம போட்டது சார். ரெண்டாவது பயந்து போட்டது. இது பார்த்துப் போட்டது."

அவர் புதிய வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார். "இதையே உள்ள வந்து சொல்லுங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்காதீங்க."

கமிட்டியில் ஐந்து பேர். வரைபடத்தை விரித்தேன், தலைகீழாக விரித்திருக்கிறேன். வில்கள் எல்லாம் வாய் திறந்து சிரிக்கிற மாதிரி இருந்தன. திருப்பிப் போடும்போது ஒரு டீ கிளாஸ் சாய்ந்தது. துடைத்தேன். பிறகு அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னேன்.

ஓரத்தில் இருந்த அதிகாரி கேட்டார்: "ரெண்டு தடவை தப்பு பண்ணிட்டீங்க. இந்த மூணாவதும் தப்பா இருந்தா?"

நல்ல கேள்வி. உங்களிடமும் ஒரு நாள் கேட்பார்கள். "இருக்கலாம் சார்," என்றேன். "ஆனா தப்பா இருந்தா எந்த இடத்துல தப்புன்னு ஒரு மாசத்துல தெரிஞ்சுடும். அங்க செடி இருக்கும். அந்தச் சிவப்பு தப்பா இருந்தா அது யாருக்கும் எப்பவும் தெரியாது."

அவர் பேனாவை மூடினார். தலைவர் என் பக்கம் பார்க்காமல், பொங்கல் வரை அவகாசம் கொடுக்கலாம் என்று சொன்னார், வழக்கம்போல மெதுவாக. எல்லாரும் முன்னால் குனிந்து கேட்டார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நான் வெளியே வந்து, வராந்தாவில் இருந்த செடித் தொட்டிக்கு என் பாட்டில் தண்ணீரை ஊற்றியதாகச் சொல்கிறார்கள். அது பிளாஸ்டிக் செடி.

வில்கள்மேல் புளிப்பை அடக்க அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி, மேலே செம்மண் போட்டு மிதித்துப் பாதையாக்கினார்கள். செத்த கத்திரிக்குப் பதில் வில்லுக்கும் வில்லுக்கும் இடையில் புது நாற்று வைத்தார்கள். தெற்கு ஓரத்தில் நான் போட்ட மஞ்சள் கோடு ஓரிடத்தில் தப்பாகி இரண்டு வரிசை வெண்டை கருகியது; போன் வந்தது; மறுநாள் கோட்டை நகர்த்தினேன். பொங்கலுக்கு முந்தின வாரம் பண்ருட்டி மார்க்கெட்டுக்கு முதல் வண்டி கத்திரி போனது. மாசியில் கமிட்டி பத்து வருட உரிமைக்குக் கையெழுத்துப் போட்டது. பதினெட்டுப் பேரில் ஒருவர் மகளோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். மற்ற பதினேழு பேர் அங்கேதான் பயிர் செய்கிறார்கள்.